மருந்தா, வலையா? தக்காளியில் வெண்ஈக்கு நான் கண்ட வழி

சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் பழம் பிடுங்கலாம் என்றுதான் போன வருடம் தை முடிவில் நிலாவெளியில் கால் ஏக்கர் தக்காளி வைத்தேன். நட்டுப் பதினைந்து நாள் ஆகவில்லை, குருத்து இலைகள் சிறுத்து, ஓரம் மஞ்சளித்து, கிண்ணம் போல மேல்நோக்கிச் சுருண்டன. பிறகு வந்த பூவும் கொட்டியது. பத்துச் செடியில் ஏழு அப்படிப் போயின. வெளியே விலைக்கு வாங்கிய நாற்று அது. இலையின் சாறு குடிக்கும் சின்ன வெள்ளைப் பூச்சியான வெண்ஈக்கு வாரம் தவறாமல் மருந்தும் அடித்தேன். இந்த வருடம் அதே நிலத்துக்கு நாற்றை வலைக்குள் நானே வளர்த்தேன். நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு செடிதான் சுருண்டது. அதனால் நான் வலைப் பக்கம் சாய்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மருந்தின் நல்லது எல்லோருக்கும் தெரியும். கடையில் கிடைக்கும், முதுகில் டாங்கியை மாட்டினால் ஒரு காலையில் வேலை முடியும். அதன் கெட்டதும் தெரிந்ததே. 2021இல் இலங்கையில் இரசாயன உரத்தையும் பூச்சிநாசினியையும் இறக்குமதி செய்யத் தடை வந்து அது நீங்கிய பிறகும் விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் ஈ பழகிக்கொள்ளும். முட்டையும் குஞ்சும் இலையின் அடியில் ஒட்டிக் கிடக்க, நாம் மேலிருந்து தெளிக்கிறோம். கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் பாதி மருந்து பக்கத்துக் காணிக்குத்தான் போகும்.

ஆனால் நான் மாறியது காசுக்காக இல்லை. இந்த ஈ பயிரைக் கெடுக்கும் விதமே வேறு. சாறு குடிப்பதால் மட்டும் செடி சாவதில்லை. இலைச் சுருள் வைரசை அதுதான் ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகிறது. நோய்ச் செடியில் கால் மணி, அரை மணி நேரம் குடித்தாலே வைரஸ் அதன் உடம்புக்குள் போய்விடும். ஒரு நாளுக்குள் பரப்பத் தொடங்கி, பிறகு வாழ்நாள் முழுக்கப் பரப்பும். நல்ல செடியில் குத்தவும் அதே கொஞ்ச நேரம் போதும். நாம் அடிக்கும் பல மருந்துகள் செடியின் சாற்றோடு கலந்து, ஈ அதைக் குடித்த பிறகுதான் கொல்லும். ஈ சாகும், சரி. சாகும் முன் நோயைக் கொடுத்துவிட்டிருக்கும். நோய் ஏறிய செடிக்கு மருந்தே கிடையாது.

இதில் செடியின் வயதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. காய் பிடித்த பிறகு வைரஸ் வந்தால் பிடித்த காயையாவது எடுக்கலாம். நாற்றிலேயே வந்தால் அந்தச் செடியில் ஒன்றும் இல்லை. இன்னொன்று, ஈ குத்தி இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் இலை சுருளும். அதாவது, போன வருடம் பச்சைப் பசேலென்று பார்த்து வாங்கி வந்த நாற்றுக்குள் நோய் முன்பே இருந்திருக்கிறது. நட்டுப் பதினைந்து நாளுக்குள் சுருண்டதற்கு வேறு கணக்கு இல்லை. அதற்குப் பிறகு நான் அடித்த ஒவ்வொரு டாங்கியும் வீண்.

சரி, வலைக்கு வருவோம். மூன்று மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலத்தில் நான்கு நாற்றுமேடை. வளைத்த குழாய்களின் மேல் 50 மெஷ் நைலோன் வலை, அதாவது ஓர் அங்குலத்துக்கு 50 கண். நுளம்பு வலை போதும் என்று சிலர் சொல்வார்கள், கேட்க வேண்டாம். வெண்ஈ ஒரு மில்லிமீற்றர்தான் இருக்கும். நுளம்பு வலைத் துண்டைக் கத்தரிச் செடியின் மேல் பிடித்து இலையைத் தட்டிப் பார்த்தேன். சாம்பல் பறந்தது போல எழும்பி, வலை இருப்பதே தெரியாமல் வெளியே வந்தன.

வலையிலும் தொல்லை உண்டு. கண் சிறுத்தால் காற்று குறையும். உள்ளே புழுக்கம் ஏறி நாற்று நெட்டையாக ஓடும், ஈரம் நின்றால் அடி அழுகும். முதல் மேடையில் ஒரு மூலை அப்படித்தான் போனது. பிறகு குழாயை இடுப்பளவுக்கு உயர்த்தி, தண்ணீரைக் காலையில் மட்டும் ஊற்றினேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணன், "தம்பி, மூடி வளர்த்த கன்று வெயிலைத் தாங்குமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நடுவதற்கு ஐந்து நாள் முன்பிருந்து தண்ணீரைக் குறைத்து நாற்றை இறுக்கினேன், அதாவது வாட்டம் தாங்கப் பழக்கினேன். நட்ட அன்று பின்னேரம் வாடின, மூன்றாம் நாள் நிமிர்ந்தன.

பிறகு வெட்ட வெளியில் நின்ற செடிகளை மஞ்சள் அட்டைதான் பார்த்துக்கொண்டது. மஞ்சள் பெயின்ற் அடித்த தகரத்தில் ஆமணக்கெண்ணெய் பூசி, செடி உயரத்தில் கட்டினேன். இது ஈயை ஒழிக்காது, எப்போது கூடுகிறது என்று காட்டும். கூடியபோது இரண்டு தடவை மருந்தடித்தேன், இரண்டும் வெவ்வேறு வகை. ஆகவே மருந்தை அடியோடு விட்டேன் என்று சொல்லமாட்டேன். சுருண்ட செடியைக் கண்ட அன்றே பிடுங்கி எரித்தேன். காய்த்து முடிந்த பழைய தக்காளியைப் பக்கத்தில் நிற்க விட்டால் இவ்வளவும் பயனில்லை.

வலை எனக்கு ஒரு போகத்து அனுபவம்தான். முழுத் தோட்டத்தையும் வலைக்கூடாரத்துக்குள் வளர்ப்பதை நான் செய்து பார்க்கவில்லை. கச்சான் காலத்து நடவுக்கும் இதே பலன் வருமா என்பதை இனித்தான் பார்க்க வேண்டும். வலைக்காசு போன வருடத்து மருந்துக்காசைவிடக் கொஞ்சம் கூடத்தான், ஆனால் கழற்றி, கழுவி, நிழலில் மடித்து வைத்திருக்கிறேன். ஆடு இழுத்த ஓர் இடம் மட்டும் விரலளவு கிழிந்திருந்தது, நைலோன் நூலால் தைத்தாயிற்று. அடுத்த மேடைக்கு வலையின் விளிம்பை ஒரு சாண் ஆழம் மணலில் புதைக்கப்போகிறேன். இந்தமுறை கல் வைத்து அழுத்தியதில், காற்று தூக்கிய இடத்து நாற்றுகள்தான் நட்ட பிறகு முதலில் சுருண்டன.