எட்சல் பதிப்பின் சிவப்பு அட்டையும் பொன் வேலைப்பாடும்

பாரிஸ் பதிப்பாளர் பியேர் ழூல் எட்சல் வெளியிட்ட ழூல் வெர்ன் நாவல்களின் பழைய அட்டைக்கட்டுப் பிரதிகளைப் பல ஆண்டுகளாகச் சேகரித்து வருபவன் என்ற முறையில், அண்மையில் பாரிஸின் பழம்புத்தக வணிகர் ஒருவரிடம் வாங்கிய ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்’ பிரதியைப் பற்றி மனநிறைவோடு எழுதுகிறேன். 1871இல் முதன்முதலாகப் படங்களுடன் வெளிவந்த அந்நாவலின் பிற்கால அச்சு இது.

சிவப்புத் துணி ஒட்டிய அட்டையில் பொன்னும் கறுப்பும் கலந்து அழுத்திப் பதித்த வேலைப்பாடு, நூற்றாண்டைக் கடந்தும் விளக்கொளியில் மின்னுகிறது. தாள்களின் மூன்று விளிம்புகளிலும் பொன் பூசியிருக்கிறார்கள். ஆயினும் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தவை, ஓவியர்கள் நெவீலும் ரியூவும் வரைய, செதுக்குக் கலைஞர்கள் மரத்தில் செதுக்கி அச்சிட்ட படங்கள்தாம். நீரின் ஆழத்தையும் இருளையும் வெறும் கோடுகளால் உணர்த்திய அந்தக் கைத்திறனுக்கு ஈடாக எந்த மறுபதிப்பையும் நான் கண்டதில்லை.

குறையும் உண்டு. முன் அட்டையின் இணைப்பு தளர்ந்திருப்பதையும், வெயிலில் வெளுத்த முதுகுப்பகுதிக்குப் பின்னாளில் யாரோ சாயம் பூசியிருப்பதையும் வணிகர் முன்கூட்டியே சொல்லவில்லை. சேகரிப்பாளருக்கு இது சிறிய செய்தியன்று, ஏனெனில் சாயம் பூசிய பிரதியின் மதிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். பல பிரதிகளின் தலைப்புப் பக்கத்தில் ஆண்டு இராது என்பதால், இறுதியில் சேர்த்துக் கட்டிய பதிப்பகப் பட்டியலையும் அட்டை வடிவத்தையும் ஒப்பிட்டே காலத்தைக் கணிக்க வேண்டும். வாங்குவதற்கு முன் முதுகுப்பகுதியின் ஒளிப்படத்தைத் தவறாமல் கேட்டுப் பெறுங்கள்.