ஏழு வருடப் பயணமும் ஒரு வாலிபால் கோர்ட்டும்

கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஏற்றுமதி செய்யும் ஒரு தொழிற்சாலையில் விற்பனைப் பிரிவில் வேலை. உணவுக் கண்காட்சிகளுக்காக 2018-லிருந்து வெளிநாடு போய் வருகிறேன். நான் கே (gay), அதாவது ஆண்களை விரும்பும் ஆண். வீட்டில் தெரியாது. போகிற ஊரில் நம்மைப் போன்ற உள்ளூர்க்காரர்களோடு பழக என்னென்ன செய்து பார்த்தேன், எது உருப்பட்டது என்று எழுதுகிறேன்.

இங்கே கிரைண்டர் (Grindr) என்கிற கே டேட்டிங் செயலியைத் திறந்தால் முதல் ஆளே ஓசூரில் இருப்பார். மற்றவர்கள் எல்லாம் பெங்களூரு. பாதிப் பேருக்கு முகத்துக்குப் பதில் கே.ஆர்.பி. அணை, இல்லையென்றால் புல்லட்டின் பெட்ரோல் டேங்க். அதே செயலியைப் பாரிஸ் ஓட்டல் அறையில் திறந்தபோது முதல் ஆள் 40 மீட்டர் என்று காட்டியது. அதாவது அதே கட்டடம்! மிரண்டுபோய் மூடிவிட்டேன். 2018 அக்டோபர் அது. ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு குறித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, இனி அது குற்றமில்லை என்று வந்து ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது.

மறுநாள் தைரியம் வந்து, வேறொரு செயலியில் ஒருவரோடு மூன்று மணி நேரம் பேசினேன். ஏழு மணிக்கு மெட்ரோ வாசலில் நிற்கச் சொன்னார். தூறலில் எட்டேகால் வரை நின்றேன். ஆளையே காணோம். அங்கிருந்து ரூ போபூர் தெருவில் 63-ஆம் எண்ணில் இருக்கும் எல்ஜிபிடி மையத்துக்கு நடந்தேன். தன்னார்வலர்கள் நடத்தும் இடம், நூலகமும் உண்டு. என் ஆங்கிலமும் அவர்கள் ஆங்கிலமும் ஒரே லட்சணம் என்பதால் பேச்சு நன்றாகவே ஓடியது.

செயலியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கிளம்புவதற்கு முன்பே போகிற ஊரைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கும் வசதி கிரைண்டரில் இருக்கிறது; அது உதவுகிறது. முதலில் என் குறிப்பில் உயரமும் எடையும்தான் இருந்தன. அப்புறம் மாற்றி எழுதினேன்: 'மாம்பழக்கூழ் விற்கிறவன், வாலிபால் ஆடுவேன், ஐந்து நாள் இருப்பேன்.' வந்த செய்திகளின் எண்ணிக்கை குறைந்தது, ஆனால் வந்தவர்கள் பேசினார்கள். வீடியோவில் முகம் காட்டாதவரைப் போய்ப் பார்ப்பதில்லை. முதல் சந்திப்பு பகலில், காபிக் கடையில்.

அந்த 'வாலிபால்' என்ற ஒரு சொல்தான் 2019-ல் ஜெர்மனியின் கோலோனில் வேலை செய்தது. அனுகா என்ற உணவுக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். எஸ்.சி. யானுஸ் என்று அங்கே ஒரு சங்கம், 1980-லிருந்து கே, லெஸ்பியன் விளையாட்டு வீரர்களுக்காக இயங்குகிறது. ஒருவர் பயிற்சிக்கு வரச் சொன்னார். ஷூ கடன் வாங்கி ஆடினேன். எங்கள் ஊர்த் திடலில் பழகிய என் சர்வீஸ் இரண்டு முறை கூரையில் பட்டது. ஆட்டம் முடிந்து ஒருவர் வீட்டில் சாப்பாடு. பையில் இருந்த 850 கிராம் சாம்பிள் டின்னைத் திறந்து, தயிரில் ஊற்றிக் கலக்கி ஆளுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். லேபிளில் இருந்த 'கிருஷ்ணகிரி'யை அவர்கள் எழுத்துக்கூட்டிப் படித்ததைக் கேட்டிருக்க வேண்டும். அன்று யாரும் என் எடையைக் கேட்கவில்லை.

சிங்கப்பூரில் நடந்தது வேறு கதை. 2022 நவம்பரில் அங்கே நாடாளுமன்றம், ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நீக்கியது. அடுத்த வருடம் போனேன். செயலியில் எத்தனையோ தமிழர்கள். ஒருவர் அன்பாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு "எந்த ஊரு?" என்றார். கிருஷ்ணகிரி என்றதும் பிளாக். அவருக்கு இந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பார்கள் போல. கோபம் வரவில்லை, நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

துபாய்க்கு வருடாவருடம் போக வேண்டும். அங்கே இது குற்றம். தேவனஹள்ளியில் விமானம் ஏறுவதற்கு முன்பே செயலிகளையும் பழைய உரையாடல்களையும் அழித்துவிடுவேன். டிண்டர் என்ற டேட்டிங் செயலி 2019-லிருந்து இத்தகைய நாடுகளில் எச்சரிக்கை காட்டி நம் குறிப்பை மறைக்கிறது என்றாலும், அதை நம்பி வைத்திருப்பதில்லை. துபாயில் யாரையும் தேடியதும் இல்லை. கண்காட்சி, அறை, அம்மாவின் "சாப்டியா கண்ணு?" போன், தூக்கம்.

கோலோன் கண்காட்சி இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான். போன அக்டோபரில் ஆடப் போனபோது, எனக்கென்று ஒரு ஷூ வாங்கி வைத்திருந்தார்கள். அளவு கொஞ்சம் பெரிது. 2027-க்கு இரண்டு டின் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.