காவலர் வேலைக்குப் போகுமுன் 500 ரூபாய் கட்டலாமா? காவல் சரிபார்ப்புச் சேவை பற்றிய மதிப்புரை

தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் காவல் சரிபார்ப்புச் சேவை என்று ஒன்று உண்டு. ஒருவர் பெயரில் வழக்கு ஏதும் இருக்கிறதா என்று பார்த்து அறிக்கை தருவார்கள். நம்மைப் பற்றி நாமே விண்ணப்பித்தால் கட்டணம் 500 ரூபாய்; தனியார் நிறுவனம் தன் வேலையாளுக்காகக் கேட்டால் 1000. சீருடைப் பணியாளர் தேர்வுக்குப் படிக்கும் குமரி மாவட்டப் பிள்ளைகள் இதற்குக் காசு போடலாமா என்றால், போடலாம். ஆனால் இந்த அறிக்கையைத் தேர்வு வாரியத்திடம் நீட்டினால் வேலை முடிந்தது என்று நினைத்துப் போடக் கூடாது.

எழுத்துத் தேர்வு, உடல்திறன், சான்றிதழ் பார்ப்பு எல்லாம் தாண்டியவருக்குத் துறையே தனியாக முன்வரலாற்று விசாரணை நடத்தும். நாம் நிரப்பித் தந்த படிவம் ஸ்டேஷனுக்குப் போகும். அங்குள்ள பதிவேடுகளைப் பார்ப்பார்கள், தனிப்பிரிவு ஏட்டு ஊரில் விசாரிப்பார். 500 ரூபாய் அறிக்கை இதற்கு மாற்றே கிடையாது. நம் பெயரில் என்ன கிடக்கிறது என்று அவர்களுக்கு முன்னால் நாம் தெரிந்துகொள்ளலாம். அதன் முழுப் பயனும் அவ்வளவுதான். அதுவே பெரிய பயன்.

காசில்லாமல் பார்க்கும் வழியை முதலில் முடித்துவிடுங்கள். நீதிமன்ற வழக்குகளைத் தேடிப் பார்க்கும் இ-கோர்ட்ஸ் தளத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, பெயரும் ஆண்டும் கொடுத்துத் தேடலாம். நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை, இரணியல், பூதப்பாண்டி என்று ஒவ்வொரு நீதிமன்ற வளாகத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும். முடிந்த வழக்குகளையும் சேர்த்துத் தேடுங்கள். ஸ்டீபன் என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதியிருப்பார்கள். நாலையும் போட்டுப் பாருங்கள். இத்தனைக்கும் பிறகு ஓர் ஓட்டை மிச்சம் இருக்கும். எஃப்ஐஆர் போட்டு, குற்றப்பத்திரிகை இன்னும் கோர்ட்டுக்குப் போகாத வழக்கு பெயர்த் தேடலில் வராது. காவல்துறை தளத்தில் எஃப்ஐஆர் பார்க்கலாம் என்றாலும் அதற்கு ஸ்டேஷன், ஆண்டு, வழக்கு எண் தெரிந்திருக்க வேண்டும். 500 ரூபாய்க்கு மதிப்பு இந்த இடத்தில்தான்.

மறியல் வழக்குகளில் இந்த ஓட்டை அதிகம் இடிக்கும். 2017இல் ஒக்கி புயலுக்குப் பிறகு குழித்துறை ரயில் நிலையத்தில் நடந்ததுபோல் பெருங்கூட்டம் கூடிய போராட்டங்களில் "மற்றும் பலர்" என்று வழக்குப் போடுவது வழக்கம். அந்தப் பலரில் யார் பெயர் பின்னால் சேர்ந்தது என்பது சம்பந்தப்பட்டவருக்கே தெரியாமல் போகலாம். புகார் வந்தது என்பதற்கு ஸ்டேஷனில் தரும் வெறும் சி.எஸ்.ஆர். ரசீது குற்ற வழக்கு ஆகாது. அதற்காகப் பயப்பட வேண்டாம்.

விண்ணப்பத்தில் தடுக்கிவிழும் இடம் முகவரி. விளவங்கோட்டிலிருந்து கிள்ளியூரும் கல்குளத்திலிருந்து திருவட்டாறும் தனித் தாலுகாக்களாகப் பிரிந்தன. ஆதாரில் பழைய தாலுகா, ரேஷன் கார்டில் புதியது என்று இருந்தால் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு விண்ணப்பியுங்கள். தபால் ஆபீஸ் பெயரை வைத்து ஸ்டேஷனை ஊகிக்காதீர்கள். வீடு எந்த எல்லையில் என்று ஸ்டேஷனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுப் பெயர், இனிஷியல், அப்பா பெயர் மூன்றும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும். நம்மூரில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள், அடுத்தவர் வழக்கு நம் தலையில் விழக் கூடாது. பிரவுசிங் சென்டரில் போட்டாலும் கைபேசி எண் உங்களுடையதாக இருக்க வேண்டும். பாறசாலை, திருவனந்தபுரம் பக்கம் தங்கிப் படித்தவர்கள் அந்தக் காலத்துக்கு இந்த அறிக்கையை நம்பக் கூடாது; கேரள காவல்துறையின் துணா தளத்தில் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

அறிக்கையில் வழக்கு வந்தால்? இங்கேதான் பிள்ளைகள் வாழ்க்கையைக் கோட்டை விடுகிறார்கள். வேலித் தகராறில், 2024 ஜூலைக்கு முன் என்றால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(1) என்று (ஆபாசப் பேச்சு, அடித்தல், மிரட்டல்) வழக்கு விழுந்திருக்கும். பிறகு ராஜியாகி, சாட்சிகள் பிறழ்ந்து, விடுதலை ஆகிவிடும். "அதுதான் விடுதலை ஆயிட்டே" என்று, படிவத்தில் வழக்கு உண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதிவிடுவார்கள். எழுதவே கூடாது. தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதி 14(பி)யின்படி, சந்தேகத்தின் பலனால் (குற்றம் ஐயமற நிரூபிக்கப்படாததால்) விடுதலையானவரும் வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார். மறைத்தது தனிக் குற்றச்சாட்டாகச் சேர்ந்துகொள்ளும். அவதார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அற்ப வழக்கு என்றால் மறைத்ததை மன்னிக்கும் விருப்புரிமை வேலை தருபவருக்கு உண்டு என்று. மன்னித்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. உண்மையைச் சொன்னவரின் முன்வரலாற்றையும் அவர்கள் பரிசீலிக்கலாம் என்பதும் அதே தீர்ப்பில் உண்டு.

நேரமும் முக்கியம். விசாரணையின்போது வழக்கு நிலுவையில் இருந்து, பின்னால் கௌரவமான விடுதலை (சந்தேகத்தின் பலனால் அல்லாமல், குற்றமற்றவர் என்றே விடுதலை) கிடைத்தாலோ, தவறான தகவலால் பதிவான வழக்கு என்று மூடப்பட்டாலோ, அடுத்த தேர்வில் கலந்துகொண்டுதான் உரிமை கோர முடியும். அதனால் வழக்கையே ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போவதாக இருந்தால், தேர்வு அறிவிப்புக்குக் காத்திருக்காமல் இப்போதே வக்கீலைப் பாருங்கள். பதினெட்டு வயதுக்குள் நடந்த விஷயம் என்றால் இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 24 பெரும்பாலும் காக்கும். அதற்கான உத்தரவின் நகல் கையில் வேண்டும்.

முடிந்த வழக்கு எதுவானாலும் எஃப்ஐஆர், தீர்ப்பு இரண்டுக்கும் கோர்ட்டில் நகல் மனுப் போட்டுச் சான்றிட்ட பிரதி வாங்குங்கள். தீர்ப்பின் கடைசிப் பத்தியில் விடுதலைக்கு என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். படிவத்தில் "ஆம்" என்று எழுதி, வழக்கு எண், ஸ்டேஷன், பிரிவு, முடிவு நான்கையும் குறித்து, அந்தப் பிரதிகளை உடன் இணையுங்கள். வீட்டுக்கு வரும் ஏட்டுக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டியதில்லை.