பக்‌ஷாட்டா, ஸ்லக்கா? அமெரிக்க ரோந்துக் காவலருக்கான ஷாட்கன் தோட்டா

ரோந்து வாகனத்தின் 12 கேஜ் (குழல் விட்டத்தின் அளவு) ஷாட்கனில் எதை நிரப்புவது என்ற கேள்வி அமெரிக்கக் காவல் துறைகளில் பெரும்பாலும் பல குண்டுகள் கொண்ட பக்‌ஷாட், ஒற்றைக் குண்டு கொண்ட ஸ்லக் என்ற இரண்டில்தான் வந்து நிற்கிறது.

உள்ளிருப்பது: 00 (குண்டின் அளவைக் குறிக்கும் எண்) பக்‌ஷாட்டில் வழக்கமாக 8 அல்லது 9 ஈயக் குண்டுகள், ஒவ்வொன்றும் சுமார் 8.4 மி.மீ. குறுக்களவு.
ஸ்லக்கில் பெரும்பாலும் 28 கிராம் எடையுள்ள ஒரே குண்டு.

தூரம்: பக்‌ஷாட் கஜத்துக்கு ஓர் அங்குலம் என்ற தோராயக் கணக்கில் விரிவதால், 25 கஜத்துக்கு அப்பால் சில குண்டுகள் இலக்கைத் தவறவிடும்; தவறிய ஒவ்வொன்றுக்கும் சுட்டவரே பொறுப்பாளி என்பதால், இதையே முதன்மையான அளவுகோலாகக் கொள்வேன். குண்டுகளைச் சிதறவிடாமல் கொண்டுசெல்லும் ஃபிளைட்கண்ட்ரோல் போன்ற உள்ளுறைகள் இக்குறையைப் பெரிதும் தணித்திருக்கின்றன.
ஸ்லக், நல்ல பார்வைக்குறி இருந்தால், 75 கஜத்திலும் குறி பிசகாது.

ஊடுருவல்: இரண்டுமே வீட்டின் உட்சுவரைத் துளைக்கும், ஸ்லக் கூடுதலாக ஊடுருவும்.

உதைப்பு: இரண்டிலும் கடுமைதான். உதைப்பு குறைந்த வகைகளை வாங்கினால் அடுத்த சுடுதல் விரைவாகும்.

குடியிருப்புகளில், அறையளவு தூரத்தில் பணியாற்றுவோருக்கு, தம் துப்பாக்கியிலேயே சுட்டு விரிவை அளந்துபார்த்த பக்‌ஷாட் பொருந்தும். திறந்தவெளியோ மறைப்பாக நிற்கும் வாகனமோ எதிர்ப்படும் ஊரகக் காவலருக்கு ஸ்லக் உதவும். ரோந்து ரைஃபிள் கையிலிருந்தால் அந்தத் தேவையும் வெகுவாகக் குறைந்துவிடும்.