வார இறுதி ‘ஐ மேக்கப்’ வகுப்பு, கிட் இலவசம்: ராம்நாடு பக்கம் இருக்கிறவர்கள் பணம் கட்டும் முன் படியுங்கள்

ராமநாதபுரம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி பக்கம் இருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் ஒரு போஸ்டர் சுற்றிக்கொண்டிருக்கிறது. சனி, ஞாயிறு மட்டும் வகுப்பு, பத்து விதமான ஐ லுக், 6,500 ரூபாய் மதிப்புள்ள புரொபஷனல் கிட் இலவசம், அரசு அங்கீகாரம் பெற்ற சர்டிபிகேட். கட்டணம் 4,999. முன்பணம் 1,000 உடனே ஜிபே பண்ணினால்தான் இடம், இல்லையென்றால் சீட் போய்விடும் என்று ஒரு வாய்ஸ் மெசேஜும் பின்னாலேயே வரும். கட்டாதீர்கள். ஏற்கனவே கட்டிப் போய் வந்துவிட்டீர்கள் என்றால் அந்த கிட்டை மட்டும் கண்ணில் வைக்காதீர்கள், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த போஸ்டர் எப்போது வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, வீட்டில் பணம் புரளாது, அதே நேரத்தில் வைகாசிக் கல்யாணங்கள் வரிசைகட்டி நிற்கும். ஒரு முகூர்த்தத்துக்கு மேக்கப் போட்டால் சில ஆயிரம் கையில் நிற்கும் என்று யார் சொன்னாலும் காது கொடுக்கத்தான் தோன்றும். என்னோடு இந்த வகுப்புக்கு வந்தவர்களில் பாம்பன், தங்கச்சிமடம் பெண்கள் நிறைய. கடலில் பாசி எடுக்கப் போகிற ஒரு அக்கா இருந்தார், உப்புத்தண்ணீரில் முங்கி முங்கி அவருக்குக் கண் எப்போதும் லேசாகச் சிவந்தே இருக்கும், மகளிர் குழுவில் கடன் எடுத்து இதற்குக் கட்டியிருந்தார். நான் தையல் வேலை செய்கிறவள். பிளவுஸ் தைக்க வரும் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப்பும் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்றுதான் சேர்ந்தேன்.

வகுப்பு நடந்தது ஒரு மண்டபத்தின் மாடியில். ஏசி இல்லை, ஒரே ஒரு ரிங் லைட், அதுவும் மேடத்துக்கு. மேடம் கூடவே ஒரு மாடல் பெண்ணைக் கூட்டி வந்திருந்தார், நல்ல சிவப்பு, பெரிய இமை. அந்தப் பெண்ணின் கண்ணில் எதைப் போட்டாலும் எடுப்பாகத்தான் தெரியும். எங்களில் ஒருத்தர் கண்ணில்கூட அவர் கை வைக்கவில்லை. எங்கள் நிறத்துக்கு அந்த ஐஷேடோ சாம்பல் பூத்த மாதிரி வருகிறதே என்று ஒரு தங்கச்சி கேட்டதற்கு, "இன்னும் கொஞ்சம் அள்ளிப் போடுடா கண்ணு" என்றார். அள்ளிப் போட்டால் இன்னும் வெளுக்கும். மலிவான பேலட்டில், அதாவது பல நிற ஐஷேடோ அடங்கிய தட்டில், நிறமி குறைவு, டால்க் மாதிரி நிரப்புப் பொருள்தான் அதிகம், மாநிறத் தோலில் அது வெள்ளையாகத்தான் எழும்பும். இமை மேல் மெல்லிசாகக் கன்சீலரோ பிரைமரோ அடிப்பூச்சாகப் போட்டு, மடிப்பில் முதலில் செங்கல் நிறமோ சூடான பிரவுனோ கொடுத்து, மினுமினுக்கும் ஷிம்மரை விரல் நுனியால் அழுத்தி வைத்தால் நம் நிறத்தில் அருமையாக நிற்கும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது கீழக்கரையில் நிக்காஹ் வீடுகளுக்கு மேக்கப் போடப் போகும் ஒரு லாத்தா, எல்லாம் முடிந்த பிறகு, காசு வாங்காமல்.

ஸ்மோக்கி ஐ என்று சொல்லிக்கொடுத்ததை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. எடுத்த எடுப்பில் கறுப்பை இமை முழுக்க அப்பச் சொன்னார். வெளிர் நிறத்தில் ஆரம்பித்து, ஒவ்வொன்றாக மெல்லிய அடுக்காகக் கொடுத்து, ஓரத்தைக் கலைத்துக் கலைத்து, கடைசியில்தான் கறுப்பை இமைமயிரோடு ஒட்டி வைக்க வேண்டும். நாங்கள் போட்டது யாரோ குத்துவிட்ட கண் மாதிரி இருந்தது. விங் லைனருக்குக் கண் ஓரத் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு கோடு போடச் சொன்னார். கையை எடுத்ததும் தோல் பழைய இடத்துக்குத் திரும்பும், கோடு வளைந்து போகும், இது யோசித்தாலே தெரிகிற விஷயம். கண்ணைத் திறந்து கண்ணாடியை நேராகப் பார்த்து, கீழிமைக் கோடு எந்தச் சாய்வில் போகிறதோ அதே சாய்வில் புருவ நுனியை நோக்கி ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளியிலிருந்து உள்ளே இழுத்து வந்தால் இரண்டு கண்ணும் ஒன்றுபோல் வரும். நம் ஊர்க் காற்றில் வியர்வைக்கும் உப்புப் பிசுபிசுப்புக்கும் ஜெல் லைனர்கூட மதியத்துக்குள் கலங்கும், அதன் மேல் அதே நிற ஐஷேடோவைச் சின்ன பிரஷால் ஒற்றி வைத்தால் நிற்கும். கடலோரத்தில் வகுப்பு நடத்துகிறவருக்கு முதலில் இதுதானே சொல்லத் தெரிய வேண்டும்?

சரி, சொல்லிக்கொடுக்கத் தெரியாதது ஒரு பக்கம். அதற்காக மட்டும் நான் இவ்வளவு நீளம் எழுத மாட்டேன்.

எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஐலைனர் பாட்டில், ஒரே மஸ்காரா. பிரஷ் ஒரு டப்பா நிறைய இருந்தது, ஆனால் ஒருத்தர் கண்ணிலிருந்து இன்னொருத்தர் கண்ணுக்கு அப்படியே போனது, நடுவில் ஒரு டிஷ்யூவில் துடைப்பதோடு சரி. ஒழுங்காகத் தொழில் செய்கிறவர்கள் லைனரையும் கிரீம் பொருட்களையும் சின்ன எவர்சில்வர் தட்டில் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டு அதிலிருந்துதான் தொடுவார்கள். மஸ்காராவுக்கு ஆளுக்கொரு பயன்படுத்தித் தூக்கிப்போடும் குச்சி, பிரஷுக்கு 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால், பென்சில் என்றால் ஒவ்வொரு ஆளுக்கும் புதிதாகச் சீவல். திறந்த மஸ்காராவை மூன்று மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது, ஈரத்தில் கிருமி வளரும். அந்த மஸ்காரா எத்தனை ஊர் வகுப்பைப் பார்த்ததோ, கட்டி கட்டியாக இருந்தது. பாசி எடுக்கும் அக்கா தன் கண் சிவந்திருப்பதைச் சொல்லி "எனக்குத் தனியா ஒண்ணு கொடுங்க மேடம்" என்று கேட்டார், கிடைத்த பதில் ஒரு சிரிப்பு.

அடுத்து கிளிட்டர். இமை மடிப்பை வெட்டினாற்போல் எடுப்பாகக் காட்டும் கட் கிரீஸ் லுக்குக்கு இமை நடுவில் வைக்கச் சொல்லி ஒரு சின்ன பிளாஸ்டிக் பொட்டலத்தை நீட்டினார்கள். கையில் தேய்த்தபோதே உறுத்தியது. ஸ்டேஷனரிக் கடையில் வாழ்த்து அட்டைக்கு ஒட்டுவதற்கு விற்கிறார்களே, அதே சரக்கு. அது பிளாஸ்டிக் ஏட்டை அறுகோணமாக வெட்டி எடுப்பது, ஓரம் கூர்மையாக இருக்கும், கண்ணுக்கென்று தயாரிப்பது இதைவிட மிகப் பொடியாக, ஓரம் உறுத்தாமல் இருக்கும். இமை மேல் வைப்பது இமை மேலேயே இருக்காது, கண் சிமிட்டச் சிமிட்ட உள்ளே இறங்கும். எனக்கு இறங்கியது.

மறுநாள் காலையில் இடது கண்ணைத் திறக்க முடியவில்லை. இமை வீங்கி, தண்ணீர் கொட்டி, வெளிச்சம் பட்டால் ஊசி குத்துவது போல் வலி. கண் டாக்டர் ஒரு மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார், கருவிழியில் கீறல். தேய்த்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்றார். கண்ணில் ஏதாவது விழுந்தால் தேய்க்காமல் சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவி, வலியும் கூச்சமும் நிற்கவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விட வேண்டும். மெடிக்கலில் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைக் கேட்டு வாங்கி நாமாக விடவே கூடாது, கீறலும் கிருமியும் இருக்கும் கண்ணில் அது புண்ணை வளர்த்துவிடும். வகுப்பில் என் ஜோடியாக உட்கார்ந்த பெண்ணுக்கு இரண்டு கண்ணிலும் பீளை, கூடவே கண்கட்டி. அவளுக்குச் சின்னக் குழந்தை வேறு இருக்கிறது, அதற்கும் ஒட்டிக்கொண்டது.

இப்போது அந்த இலவச கிட். பெரிய வெளிநாட்டு பிராண்டு ஒன்றின் பெயர் போட்ட பேலட், பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது, அவசரமாகப் பார்த்தால் தெரியாது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். தயாரித்தவர் முகவரி இல்லை, உரிம எண் இல்லை, பேட்ச் எண் இல்லை, எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதும் இல்லை. விலை மட்டும் ஸ்டிக்கரில் ஒட்டியிருந்தது. நம் நாட்டில் அழகுசாதனப் பொருளுக்கும் சட்டம் உண்டு, 1940-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் சட்டம், அதன் கீழ் 2020-இல் வந்த விதிகள். இங்கே செய்த பொருள் என்றால் தயாரிப்பு உரிம எண், வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் லேபிளில் இருந்தாக வேண்டும். நிறத்துக்காக ஈயம், ஆர்சனிக் சேர்மங்களைச் சேர்க்கவே கூடாது என்று சட்டம் சொல்கிறது. முகவரியே இல்லாத டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்று யாரைப் போய்க் கேட்பது? உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத் தோல்தான், அங்கே போய் இதை வைக்கச் சொல்கிறார்கள்.

என் கணிப்பைச் சொல்கிறேன். இவர்களுடைய வியாபாரம் வகுப்பு இல்லை, இந்த டப்பாதான். மொத்தமாக மலிவாக வாங்கிய போலிச் சரக்கைக் கடையில் வைத்து விற்றால் நாலு பேர் லேபிளைத் திருப்பிப் பார்ப்பார்கள். வகுப்பு, சர்டிபிகேட் என்று சுற்றிக் கொடுத்தால் யாரும் பார்ப்பதில்லை. ஞாயிறு சாயங்காலம் பாதி நேரம், கிட் தீர்ந்தால் தன்னிடமே மறுபடி வாங்க வேண்டும், ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன் உண்டு என்ற பேச்சில்தான் போனது.

சர்டிபிகேட்டுக்குத் தனியாக 750 கேட்டார்கள், போஸ்டரில் அது இல்லை. கொடுத்த காகிதத்தில் ஒரு ஐஎஸ்ஓ முத்திரையும் ஒரு உத்யம் எண்ணும் இருந்தன. உத்யம் என்பது சிறுதொழில் நடத்துகிற யாரும் இணையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளும் பதிவு, பெட்டிக்கடைக்கும் கிடைக்கும். அதற்கும் பாடத்திட்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உண்மையான திறன் பயிற்சிச் சான்றிதழ் பொதுவாக இரண்டு நாளில் வராது, வாரக்கணக்கில் வகுப்பும் அப்புறம் தேர்வும் உண்டு.

கண் சரியானதும் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் "உங்க ஸ்கின் சென்சிடிவ் சிஸ்டர்" என்றார்கள். டாக்டர் சீட்டை அனுப்பியதும் குரூப்பில் அட்மின் மட்டும் பேசலாம் என்று மாற்றினார்கள், அடுத்து என்னை நீக்கினார்கள். நான் புகார் கொடுக்கப் போவதாகச் சொன்ன பிறகு 2,000 தருகிறோம், பதிலுக்கு நல்லபடியாக ஒரு ரிவ்யூ எழுதி வீடியோ போடுங்கள் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். வாங்கவில்லை.

எனக்குப் போன பணத்தைவிட இன்னொன்றுதான் உறுத்துகிறது. அந்த வகுப்பில் இருந்த சில பேர் இந்த கிட்டையே வைத்துக் கல்யாணப் பெண்களுக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்வது, குழுக் கடன் தவணை நிற்கிறது. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன், தங்கச்சிமடத்தில் ஒரு மதினி கேட்ட உடனே பேலட்டைக் குப்பையில் போட்டார், வேறு இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனை வைத்தார்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மேக்கப் புக் பண்ணியிருந்தால், பொருட்களை வெளியே எடுத்து வைக்கச் சொல்லி லேபிளைப் பாருங்கள், பிரஷை எப்படிச் சுத்தம் செய்வீர்கள் என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர் கோபப்பட மாட்டார். கலர் லென்ஸ் வாடகைக்குத் தருகிறேன் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், ஒருவர் போட்ட லென்ஸை இன்னொருவர் போடவே கூடாது.

என்னைப் போல் மாட்டியவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். ராமநாதபுரத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். போலி டப்பாவைப் பற்றி மருந்து ஆய்வாளரிடம் தனியாகச் சொல்லலாம், அழகுசாதனப் பொருளும் அவர்கள் பொறுப்புதான். ஜிபே ஸ்கிரீன்ஷாட், போஸ்டர், வாய்ஸ் மெசேஜ், கிட்டின் பெட்டி, டாக்டர் சீட்டு எதையும் அழித்துவிடாதீர்கள். டப்பாவைத் தூக்கிப்போட நினைப்பவர்களும் முதலில் முன்பக்கம் பின்பக்கம் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் போனது நிறுவனத்தின் பெயரில் இல்லை, ஒரு தனி ஆளின் நம்பருக்கு, அதனால் அந்த ஸ்கிரீன்ஷாட் ரொம்ப முக்கியம். என் மனு போயிருக்கிறது, இன்னும் விசாரணைக்கு வரவில்லை.

அடுத்த பேட்ச் தொண்டியில் என்று இப்போது ஒரு போஸ்டர் வந்திருக்கிறது. பெயர் வேறு, நம்பர் வேறு, கட்டணம் 3,999 ஆகக் குறைந்திருக்கிறது. மாடல் அதே பெண்தான், மயில் பச்சைக் கட் கிரீஸ், இமை நடுவில் கிளிட்டர். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்களுக்கு இதை அனுப்பிவிடுங்கள்.