ஒரு நாள் முழுக்கா, நாலு நாள் பாடமா? தீவு விடுமுறையில் டீனேஜ் பிள்ளைக்கு ஸ்கூபா

தீவுக்குக் குடும்பத்தோடு கிளம்பினால் சின்னப் பிள்ளைகளைப் பற்றிக் கவலையில்லை; மணலும் ஒரு வாளியும் இருந்தால் நாள் ஓடிவிடும். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைதான் இரண்டாம் நாள் மதியமே அறைக்குள் போய்க் கைபேசியோடு சுருண்டுகொள்ளும். கண்ணாடித் தரைப் படகு, மாலைநேரப் படகுச் சவாரி என்று சுற்றுலா மேசையில் விற்பதெல்லாம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் சமாசாரம். அந்த வயதுக்குத் தானே கற்று, தானே செய்கிற ஒன்று வேண்டும். அதற்கு ஸ்கூபா, அதாவது காற்றுச் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு கடலுக்குள் முழுகுவது, நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் 'ஸ்கூபா' என்ற ஒரே பெயரில் கடைகள் இரண்டு வேறு சரக்குகளை விற்கின்றன.

முதலாவது 'டிஸ்கவர் ஸ்கூபா' எனப்படும் அறிமுக முழுக்கு. ஸ்கூபா பயிற்சிக்கு விதி வகுத்துச் சான்று தரும் பி.ஏ.டி.ஐ. (PADI) அமைப்பின்படி குறைந்தபட்ச வயது 10, ஆழம் 12 மீட்டரைத் தாண்டக் கூடாது. அரை நாளில் முடிந்துவிடும். கரையில் விளக்கம், இடுப்பளவுத் தண்ணீரில் கொஞ்சம் பழக்கம், பிறகு பயிற்றுநரோடு கடலில் ஒரு முழுக்கு. இரண்டாவது 'ஓபன் வாட்டர்' பாடம். ஐந்து பகுதிப் படிப்பு, ஆழமில்லா நீரில் பயிற்சிகள், குறைந்தது இரண்டு நாளில் பரப்பிச் செய்யும் நான்கு கடல் முழுக்குகள், 50 கேள்விகள் கொண்ட தேர்வு. அதில் 75 சதவீதம் எடுக்க வேண்டும். 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும். நீந்துவதற்கு நேரக் கணக்கு கிடையாது, எந்த நீச்சல் முறையும் சரி. முடித்தால் கையில் ஓர் அட்டை, ஆயுளுக்கும் செல்லும்.

அறிமுக முழுக்குக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண். சரக்கில் குறையில்லை, விற்கிற விதத்தில்தான் குறை. கூட்டம் அதிகமுள்ள இடங்களில் ஆழமில்லா நீர்ப் பழக்கத்தை ஐந்து நிமிடத்தில் முடித்து, பிள்ளையின் சிலிண்டர் வால்வைப் பிடித்துச் சாமான் மூட்டை போல இழுத்துக்கொண்டு போய், நாலு படம் எடுத்து, மேலே கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். பிள்ளை ஒன்றுமே செய்யவில்லை; சவாரி போய்விட்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். முன்பதிவுக்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? இரண்டு என்றால் நிம்மதி, நான்கு என்றால் வேறு கடை பார்க்கலாம். வாயிலிருந்து விலகிய ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை மூச்சிழுக்கும் வாய்க்கருவி) தேடி எடுப்பது, கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கில் புகுந்த நீரை மூக்கால் ஊதி வெளியேற்றுவது, இந்த இரண்டையும் கடலுக்குள் போகுமுன் பிள்ளை தானே செய்து காட்டும்வரை பழக்குவார்களா? இதற்கு இழுவையாகப் பதில் வந்தால் அந்தக் கடை வேண்டாம்.

ஓபன் வாட்டருக்கு நான்கரை. குறைந்த அந்த அரை, அது விழுங்கும் நாட்களுக்காக. தீவிலேயே முழுவதையும் செய்தால் மூன்று, நான்கு நாள் போய்விடும். அதிலும் முதல் நாள், கடல் எதிரே விரிந்து கிடக்க, அறைக்குள் உட்கார்ந்து வீடியோ பார்ப்பது எந்தப் பிள்ளைக்கும் எரிச்சல். வழி இருக்கிறது. படிப்புப் பகுதியை இணையவழியாக ஊரிலேயே முடிக்கலாம். பக்கத்தில் நீச்சல்குளப் பயிற்சி தரும் மையம் இருந்தால் அதையும் முடித்து, அதுவரை முடித்ததற்குச் சான்றான 'ரெஃபரல்' படிவம் வாங்கிப் போனால், தீவில் நான்கு கடல் முழுக்குகள் மட்டும் பாக்கி. இரண்டு நாளில் ஆயிற்று. படிவம் 12 மாதம் செல்லும்.

பணமும் நாளும் வீணாவது பெரும்பாலும் மருத்துவப் படிவத்தில்தான். ஆஸ்துமா, காது அறுவை, வலிப்பு, இதயம் என்று கேள்விகள் வரும். அதற்குரிய பெட்டியில் 'ஆம்' விழுந்துவிட்டால் மருத்துவர் கையெழுத்தில்லாமல் நல்ல கடை எதுவும் தண்ணீரில் இறக்காது. ஞாயிற்றுக்கிழமை காலை படகுத்துறையில் நின்றுகொண்டு மருத்துவரைத் தேட முடியாது. படிவம் இணையத்திலேயே கிடைக்கிறது. ஒரு மாதம் முன்னதாகப் பிள்ளையோடு உட்கார்ந்து நிரப்பிப் பாருங்கள், தேவைப்பட்டால் கையெழுத்தை ஊரிலேயே வாங்கிவிடுங்கள். பெற்றோர் கையெழுத்தும் வேண்டும் என்பதால் பிள்ளையைத் தனியாக அனுப்பிவிட்டுக் கரையில் தூங்கும் திட்டம் பலிக்காது. படிவமே கேட்காத கடையா? திரும்பி நடங்கள்.

அடுத்தது காது. கடல்மட்டத்தில் ஒரு வளிமண்டல அழுத்தம், 10 மீட்டரில் இரண்டு. அதாவது முதல் பத்து மீட்டரிலேயே அழுத்தம் இரட்டிப்பாகிறது. அடுத்த பத்தில் இரண்டு மூன்றாகும், அதாவது பாதி மடங்குதான் கூடும். அதனால்தான் இரண்டு, மூன்று மீட்டரிலேயே காது குத்த ஆரம்பிக்கிறது. மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெல்ல ஊத வேண்டும். வலித்த பிறகல்ல, வலிக்குமுன். அரை மீட்டருக்கு ஒருமுறை. அடைப்பு விடவில்லையென்றால் ஒரு மீட்டர் மேலேறி மறுபடி முயல வேண்டும். பலம் கொண்ட மட்டும் ஊதினால் காதுதான் கெடும். டீனேஜ் பிள்ளைகளிடம் ஒரு குணம்: வலியைச் சொன்னால் தன்னால் எல்லோரும் மேலேற வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொள்ளும். கையை விரித்து இருபக்கமும் ஆட்டிவிட்டுக் காதைத் தொட்டுக் காட்டுவது 'இங்கே பிரச்சினை' என்ற சைகை. அதை வீட்டிலேயே பழக்கி, காட்டினால் யாரும் கோபிக்க மாட்டார்கள் என்றும் சொல்லி வையுங்கள். சளி இருந்தால் அன்று முழுக்கு கிடையாது. மூக்கடைப்பு மருந்து போட்டுக்கொண்டு இறங்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். கீழே இருக்கும்போதே மருந்தின் வேகம் தணிந்துவிட்டால், மேலேறும்போது விரிகிற காற்று வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும்.

சைகை என்றதும் இன்னொன்று. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் கடலுக்கடியில் 'சூப்பர்' என்று அர்த்தமில்லை, 'மேலே போகலாம்' என்று அர்த்தம். கைபேசியில் நாள் முழுக்க அந்தப் படத்தை அனுப்பிப் பழகிய பிள்ளை, ஆமையைப் பார்த்த சந்தோஷத்தில் கட்டைவிரலைத் தூக்க, பயிற்றுநர் அதோடு முழுக்கை முடித்துக்கொள்வார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம்தான் 'நலம்'.

சாமான்களில் சொந்தமாக வாங்க வேண்டியது மாஸ்க் மட்டுமே. மற்றதெல்லாம் வாடகை போதும். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சினால் கையை விட்ட பிறகும் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அதுதான் அளவு. புது மாஸ்க்கின் கண்ணாடியில் சிலிகோன் படலம் இருக்கும். ஜெல் அல்லாத பற்பசையால் உள்பக்கத்தை நாலைந்து முறை தேய்த்துக் கழுவாவிட்டால் முழுக்கு முழுவதும் பனிமூட்டம்தான். விளிம்புக்கடியில் ஒரு முடிக்கற்றை சிக்கினாலும் நீர் புகும். சிரித்தாலும் புகும், கன்னம் மடிந்து இடைவெளி விடுவதுதான் காரணம். கண்ணாடி போடும் பிள்ளையென்றால் பவர் வைத்த மாஸ்க் இருக்கிறதா என்று கடையில் முன்கூட்டியே கேளுங்கள். கழற்றி மாட்டும் பல் கிளிப் இருந்தால் கரையிலேயே கழற்றிவிட வேண்டும். 28 டிகிரி நீர் குளத்துத் தண்ணீர் போல வெதுவெதுப்பாகத்தான் தெரியும், ஆனால் முக்கால் மணி நேரத்தில் ஒல்லியான பிள்ளைக்கு உதடு நீலம் பாரிக்கும். 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) கேட்டு வாங்குங்கள்.

நாட்களை அடுக்குவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஸ்கூபாவைக் கடைசிக்குத் தள்ளவே கூடாது. முழுக்கின்போது அழுத்தத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன், உயரத்துக்குப் போகுமுன் வெளியேற நேரம் வேண்டும். ஒரே ஒரு முழுக்கு என்றால் விமானம் ஏறுமுன் குறைந்தது 12 மணி, பல முழுக்குகள் என்றால் 18 மணி, 24 மணி விட்டால் இன்னும் நல்லது. மலையேற்றத்துக்கும் இதே எச்சரிக்கை. ஹவாயின் ஹாலேயாகாலா போல 3,055 மீட்டர் உயரச் சிகரம் உள்ள தீவில், மதியம் முழுக்கு, மறுநாள் விடியலில் உச்சி என்று போட்டுவிட்டால் விமானம் ஏறியதற்குச் சமம். ஆகவே வந்திறங்கிய மறுநாள் பாடம் தொடங்கட்டும்; கடைசி இரண்டு நாளுக்குக் கயாக், மேல்மட்ட ஸ்நார்கெல், மலை. படகுகள் பொதுவாகக் காலையிலேயே கிளம்பிவிடும். பதினொரு மணிவரை தூங்கும் பிள்ளைக்கு அது தண்டனை, ஆகவே முந்தின இரவு எந்த நிகழ்ச்சியும் வேண்டாம். குமட்டல் மாத்திரை போடுவதாக இருந்தால் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு. அது தூக்கம் வரவழைக்கிறதா என்று ஊரிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள். முழுக்கு நாட்களில் மாலைக்கு வேறெதுவும் போடாதீர்கள், எல்லோரும் எட்டு மணிக்கே சாய்ந்துவிடுவார்கள்.

பிள்ளையை மட்டும் சேர்ப்பதா, பெற்றோரில் ஒருவரும் சேர்வதா என்பதற்கு விதியே பதில் சொல்கிறது. 15 வயதுக்குக் கீழே கிடைப்பது ஜூனியர் அட்டை. 10, 11 வயதென்றால் பெற்றோரோ காப்பாளரோ தாங்களும் அட்டை வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் தொழில்முறை வழிகாட்டி கூட வர வேண்டும். 12 மீட்டர்தான் எல்லை. 12 முதல் 14 வரை அட்டையுள்ள பெரியவர் ஒருவர் துணை, 18 மீட்டர்வரை போகலாம். வீட்டில் யாரிடமும் அட்டை இல்லையென்றால் அடுத்த விடுமுறையிலும் வழிகாட்டிக்குத் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். அப்பாவோ அம்மாவோ அதே வகுப்பில் உட்கார்ந்துவிடுவது லாபம். ஒரு சங்கடம் மட்டும் உண்டு. 200 பார் (காற்றழுத்த அளவு) நிரம்பிய சிலிண்டரோடு இருவரும் சேர்ந்து இறங்கி, படபடப்பில் மூச்சை வாரி இழுத்து, மேலேற வேண்டிய 50 பாருக்கு முதலில் வந்து நிற்பது அனேகமாக அப்பாவாகத்தான் இருக்கும். பிள்ளையின் அளவுமானி இன்னும் 90 காட்டும்போதே இருவரும் மேலேற வேண்டும்.