மலைக்குளிரில் பூனைக்கு எந்தப் பெட்டி?

எங்கள் பூனை புள்ளி வெளியில்தான் படுக்கும். அம்மாவுக்கு வீசிங் இருப்பதால் பூனையை வாசற்படி தாண்ட விடுவதில்லை. சேலத்தில் இருந்தவரை இது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. அங்கே ஜனவரியில்கூட ராத்திரி 18, 19 டிகிரிதான். மாடிப்படிக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி, அதில் ஒரு பழைய லுங்கி, வேலை முடிந்தது. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டுக்குக் குடிவந்த முதல் கார்த்திகையில், அதே மாதிரி பெட்டி ஒரே வாரத்தில் ஊறிக் கூழாகிப் போனது. புள்ளி அதன்மேல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து நான்கு குளிர்காலமாக ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துவிட்டேன்.

ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தையில் ராத்திரி 12, 13 டிகிரிக்கு இறங்கும். பூனையின் உடம்புச் சூடு 38இலிருந்து 39 டிகிரி, நம்மைவிடக் கொஞ்சம் அதிகம். நன்றாகச் சாப்பிடுகிற, திடமான பூனைக்கு ரோமம் காய்ந்திருந்தால் இந்தக் குளிர் பெரிய விஷயமில்லை. ரோமத்துக்கு நடுவே நிற்கிற காற்றுதான் அதற்குப் போர்வை. நனைந்தால் அந்தப் போர்வை போய்விடும். இங்கே மழை விட்டாலும் மூடுபனி விடாது; துணி காயவே மூன்று நாள் ஆகும் ஊர் இது. அதனால் எந்தப் பெட்டியாக இருந்தாலும் நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: விடிகாலையில் கையை உள்ளே விட்டால் காய்ந்திருக்கிறதா?

அட்டைப்பெட்டி அந்தச் சோதனையில் முதல் நாளே தோற்றுவிடும். நான்கு பக்கமும் மூடிய வராந்தாவோ கார் ஷெட்டோ இருந்தால் மட்டும் வைக்கலாம். அப்போதும் தரையில் வைக்காதீர்கள், இரண்டு செங்கல் கொடுத்துத் தூக்கி வையுங்கள். ‘தைப்பனி தரையைத் துளைக்கும்’ என்று சொல்லிவைத்தது சும்மா இல்லை. இந்தச் செங்கல் கணக்கு எல்லாப் பெட்டிக்கும் பொருந்தும்.

அடுத்தது நீல டிரம். பெரிய டிரம் ஒன்றைப் படுக்கப்போட்டு, மூடியில் ஓட்டை வெட்டி வைத்தேன். மழைக்கு இதைவிட உறுதியானது கிடையாது. காற்றடித்தாலும் உருளாமல் இரண்டு கல் அண்டை கொடுத்தால் போதும், பத்து வருடம் உழைக்கும். ஆனால் மூன்றாம் நாள் விடிகாலையில் கையை விட்டுத் தடவினால், மேல்பக்கம் முழுக்க இட்லிப் பானை மூடியின் உள்பக்கம் மாதிரி முத்து முத்தாகத் தண்ணீர். பூனை விட்ட மூச்சு குளிர்ந்த பிளாஸ்டிக்கில் பட்டு நீராகிறது, பிறகு அதன் முதுகிலேயே சொட்டுகிறது. மழைக்குத் தப்பிய பூனை தன் மூச்சிலேயே நனைகிறது. மேலே ஓரமாக இரண்டு சின்ன ஓட்டை போட்டு, மழை இறங்காமல் அதன்மேல் ஓர் ஓடு சாய்த்த பிறகு சொட்டுவது குறைந்தது, முழுவதும் நிற்கவில்லை. அதோடு, ஒரு பூனைக்கு டிரம் பெரிசு. பெட்டிக்குள் வேறு அடுப்பு கிடையாது, பூனையின் உடம்புதான் அடுப்பு. இடம் பெரிசாக இருந்தால் அந்தச் சூடு பரவி வீணாகிவிடும். இரண்டு மூன்று பூனைகள் ஒட்டிப் படுக்கும் வீடாக இருந்தால் டிரம்மைத் தாராளமாக வைக்கலாம்.

நான் கடைசியில் நின்றது தெர்மாகோல் மீன் பெட்டியில். ஐஸ் உருகாமல் மீன் வருகிற பெட்டிதான். குளிரை உள்ளே வைத்திருப்பது சூட்டையும் வைத்திருக்கும், ஏனென்றால் தெர்மாகோல் என்பது பெரும்பாலும் அடைபட்ட காற்றுதான். சேலத்தில் மீன் வாங்கும்போது கேட்டேன். “மீனைவிடப் பெட்டி மேலதான் கண்ணா இருக்கீங்க அக்கா, எடுத்துட்டுப் போங்க” என்று சும்மாவே கொடுத்துவிட்டார். இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம். ஒரு பூனை சுருண்டு திரும்பிப் படுக்கச் சரியான அளவு. சோப்புத் தண்ணீரில் கழுவி, ஆப்பசோடா தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் வைத்தால் நாற்றம் போய்விடும். லேசாக மீன் வாசம் மிச்சம் இருந்தால் புள்ளிக்கு ஆட்சேபம் ஒன்றுமில்லை.

பினாயில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அதில் இருக்கும் பீனால் வகையைப் பூனையின் ஈரலால் சமாளிக்க முடியாது. காலில் பட்டதை நக்கியே விஷமாகிவிடும். பழைய கம்பளியோடு ஒட்டிவருகிற அந்துருண்டையும் அப்படித்தான்.

வாசல் ஆறு அங்குல அகலம் போதும். பூனை நுழையும், தெருநாய் நுழையாது. அடியோடு சேர்த்து வெட்டாமல் மூன்று அங்குலம் மேலே தள்ளி வெட்டினால் சாரலும் வராது, உள்ளே போட்டதும் வெளியே கொட்டாது. வடகிழக்குப் பருவமழை அடிக்கும் திசைக்கு முதுகைக் காட்டி, வாசல் சுவரைப் பார்த்து ஒரு முழம் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

தெர்மாகோலுக்கும் குறை உண்டு. பூனை பிறாண்டிப் பிறாண்டி வெள்ளை முத்தாக உதிர்க்கும், காற்றில் பறக்கும், எலியும் கடிக்கும். வாசல் விளிம்பை பிரவுன் டேப்பால் இரண்டு சுற்று ஒட்டினேன். பெட்டி முழுவதையும் பழைய பிளெக்ஸ் பேனரால் புத்தகத்துக்கு அட்டை போடுகிற மாதிரி சுற்றி, மூடிமேல் ஒரு கடப்பாக் கல் வைத்தேன். பேனர் மழையைத் தடுக்கும், கல் காற்றைச் சமாளிக்கும். இந்த இரண்டும் இல்லாத தெர்மாகோல் பெட்டி ஒரு மாதம் தாங்கினால் அதிகம்.

ஆனால் பெட்டியைவிட, உள்ளே என்ன போடுகிறோம் என்பதில்தான் நம்மில் பலர் கோட்டை விடுகிறோம். கம்பளி என்றால் சூடு என்று நம் மனசில் பதிந்திருக்கிறது. நான்கூட ஆசையாக ஒரு நல்ல போர்வையைப் போட்டேன். நனைந்த காலோடு பூனை இரண்டு தரம் போய்வந்தால் போர்வை ஈரத்தைக் குடித்துவிடுகிறது, இந்த ஊரில் அது காய்வதே இல்லை. பிறகு ராத்திரி முழுக்கப் பூனையின் சூட்டை அது உறிஞ்சிக்கொண்டிருக்கும். எஸ்டேட் பக்கம் எல்லோரும் போடுகிற காப்பி மூட்டைச் சாக்கும் அப்படித்தான்; சணல் மாதிரி ஈரம் இழுக்கிறது வேறில்லை. சில்வர் ஓக் சருகைக் கூட்டி அள்ளிப் போட்டால் இரண்டு நாள் நன்றாக இருக்கும், அப்புறம் தூளாகிப் பூசணம் பிடிக்கும்.

வைக்கோலுக்கு ஈடு எதுவும் இல்லை. நெல் தாள் உள்ளே குழல். ஒவ்வொரு குழலிலும் காற்று நிற்கும். தண்ணீர் பட்டாலும் துணி மாதிரி பிடித்துவைக்காமல் வழியவிடும். பூனை அதன்மேல் படுப்பதில்லை, அதற்குள் புதைந்து படுக்கும். மாட்டுக்குப் போடும் காய்ந்த புல் வேறு, அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும், குழப்பிக்கொள்ளாதீர்கள். மலைமேல் நெல் வைக்கோல் சுலபத்தில் கிடைக்காததால், அயோத்தியாப்பட்டணம் பக்கம் தெரிந்தவர் களத்திலிருந்து ஒரு சாக்கு அடைத்து பஸ்ஸில் கொண்டுவருகிறேன். முக்கால் பெட்டி நிரப்ப வேண்டும். கைப்பிடி தூவினால் பிரயோஜனம் இல்லை. பத்து நாளைக்கு ஒருமுறை கையை விட்டுப் பார்த்து, ஈரமானதை எடுத்துவிட்டு மேலே புதிது போட்டால் ஒரு சாக்கு பொங்கல் தாண்டி வரும். முதல் தரம் வைக்கோல் போட்ட மறுநாள் ஐந்தரை மணிக்கு, பல் தேய்க்கப் போகும் முன் கையை விட்டேன். புள்ளி எழுந்து போயிருந்தது. வட்டமாக ஒரு குழி, அடியில் இன்னும் வெதுவெதுப்பு. நான்கு வருடத்தில் அவ்வளவு நிம்மதி எனக்கு வேறெதிலும் வந்ததில்லை.

இனி, வெளியிலிருந்து சூடு கொடுக்கும் வழிகள். கோழிக்குஞ்சுக்குப் போடுகிற மாதிரி குண்டு பல்பு போடலாம் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். எல்இடி பல்பில் அந்தச் சூடு வராது, பழைய இழை பல்புதான் வேண்டும். அதைப் போட்ட ஐந்தாம் நாள் வைக்கோலில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கருகல். அன்றே கழற்றிவிட்டேன். தெர்மாகோல், வைக்கோல் இரண்டும் ஒரு பொறியில் எரிந்துபோகும். கரன்ட்டில் ஓடும் ஹீட்டிங் பேடும் எனக்கு வேண்டாம். மழையில் ஒயர் இழுப்பது ஒரு பயம், மரக்கிளை விழுந்து கரன்ட் போகிற ராத்திரிதான் குளிர் அதிகமான ராத்திரி.

வெந்நீர் பாட்டில் பரவாயில்லை, ஆனால் நேரக்கணக்கு தெரிந்து வைக்க வேண்டும். ஒன்பது மணிக்குத் துணி சுற்றி வைத்தால் இரண்டு மணிக்கு ஆறிவிடும். குளிர் உச்சத்துக்குப் போவது விடியலுக்கு முன்பு. அந்நேரம் பாட்டில் பச்சைத்தண்ணீராகிப் பூனையிடமிருந்தே சூட்டைப் பிடுங்கும். மழையில் தொப்பலாக நனைந்து வந்த பூனைக்கு, துவட்டிவிட்டு ஒரு மணி நேரம் வைத்து எடுத்துவிடுவேன். நடுங்குகிறதே என்று பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கிறவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம், அது பூனையைக் கொன்றுவிடும். துவட்டிய பிறகும் சோர்ந்து கிடந்தால் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

நாம் ஒன்றும் வைக்காவிட்டால் பூனை தானே ஓர் இடம் தேடும். வீட்டில் சமையல் இல்லை என்பதற்கு ‘அடுப்பில் பூனை தூங்குகிறது’ என்பார்கள். விறகடுப்புள்ள வீடுகளில் சாம்பல் சூட்டுக்கு அது நிஜமாகவே போய்ப் படுக்கும், கங்கு மிச்சமிருந்தால் பாதம் வெந்துவிடும். அதைவிட மோசம் கார். சுற்றுலா வந்த வண்டி நின்றதும் இன்ஜின் சூட்டுக்கு பானெட்டுக்குள் ஏறிவிடும். காலையில் கிளப்பும் முன் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டுங்கள் என்று வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம் வளர்ந்த பூனைக்கு. பிறந்து மூன்று நான்கு வாரம் வரை குட்டிகளால் தங்கள் உடம்புச் சூட்டைத் தாங்களே பிடித்துவைக்க முடியாது. தாய் இரை தேடப் போகிற நேரத்தில் மலைக்குளிரில் எந்தப் பெட்டியும் தாயின் சூட்டுக்கு ஈடாகாது. போன தையில் புள்ளி மூன்று குட்டி போட்டபோது அம்மாவிடம் இதைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “விறகு ரூம் சாவி ஆணியில தொங்குது, எடுத்துக்கோ” என்றார்.